ஒரு கணினி, இரு இயங்குதளங்கள்: வன்தட்டின் பாகப்பிரிவினைக்கு முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரத்தில் சாலை, கரமனை, வலியசாலை, கோட்டை முதலிய பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் வணிகம் செய்வோர் வீடுகளில் மடிக்கணினி ஒன்று இருந்தால், அதற்கு உரிமை கோருவோர் பெரும்பாலும் இருவர். கடைக் கணக்கை டாலியில் எழுதவும், சரக்கு மற்றும் சேவை வரிக்கான விவரங்களைப் பதிவேற்றவும் தந்தைக்கு விண்டோஸ் வேண்டும். பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கோ தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி பெற லினக்ஸ் வேண்டும். இரண்டாவது கணினி வாங்குவது எல்லோருக்கும் இயல்வதன்று. ஒரே கணினியின் வன்தட்டைப் பகுத்து இரண்டு இயங்குதளங்களையும் குடியமர்த்தலாமா என்னும் கேள்வி இங்குதான் எழுகின்றது.

அமர்த்தலாம். ஆயினும் வன்தட்டைப் பகுப்பது, அதில் உள்ள கணக்குகள், பத்திரங்களின் நகல்கள், குடும்பப் படங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் இழக்கச் செய்யக்கூடிய வேலை. அதன் இயல்பை உணர்ந்து, உரிய காப்புகளைச் செய்துகொண்டு இறங்குவோர்க்கு அச்சமில்லை. அவ்வியல்பையும் காப்புகளையும் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேரளப் பள்ளிகளும் லினக்ஸும்

இத்தேவை வேறு மாநிலங்களைவிடக் கேரளத்தில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்புவதற்காக 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் 2001-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்திலேயே தொடக்கம் கண்டது. தொடக்கத்தில் விண்டோஸைப் பயன்படுத்திய பள்ளித் திட்டம், பின்னர்ப் படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. அத்திட்டமே 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்று, பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவருகின்றது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் வடிவமைத்த இயங்குதளமே பள்ளிக் கணினிகளில் உள்ளது. படம் வரைய இங்க்ஸ்கேப், ஆவணம் எழுத லிப்ரே ஆபீஸ், நிரல் எழுதப் பைத்தான் எனப் பாடநூல் கூறும் கருவிகள் அனைத்தும் அதில் சேர்ந்தே வருகின்றன. எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கி வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இது புதிதன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. கணினியை இயக்கியவுடன் 'எது வேண்டும்?' என்று கேட்கும் பட்டியலை அக்காலத்து மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அங்கே நிறுவனத்தார் செய்து கொடுத்ததை இங்கே நாமே செய்துகொள்ளப் போகிறோம், வேறுபாடு அவ்வளவே. ஆயின் அவர்கள் செய்தது வெறும் வட்டின் மேல். நாம் செய்யப்போவதோ ஏற்கெனவே குடியிருப்போர் உள்ள வீட்டில்.

பாகம் என்பது யாது?

வங்கியில் சொத்தை அடமானமாகப் பெறும்போது நாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்க்கிறோம். நிலம் ஒன்றுதான், அதில் இன்னார் பங்கு இந்த எல்லையில் தொடங்கி இந்த எல்லையில் முடிகிறது என்பதைப் பத்திரம் கூறுகின்றது. 'ஹார்ட் டிஸ்க்' என்று அனைவரும் அழைக்கும் வன்தட்டிலும் இதுவே நிகழ்கின்றது. உள்ளே சுவர் எதுவும் எழுப்பப்படுவதில்லை. எந்தப் பாகம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்னும் குறிப்பு வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணையாக எழுதப்படுகின்றது. கணினி வட்டின் மற்றப் பகுதிகளைத் தேடிச் செல்வது அந்த அட்டவணையை நம்பியே.

இந்த அட்டவணை இருவகைப்படும். 1983-ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருந்த பழைய முறைக்கு எம்.பி.ஆர். என்று பெயர். வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் அது அடங்கிவிடும். நான்கு முதன்மைப் பாகங்களுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் சுட்ட இயலாது. தற்காலக் கணினிகளில் உள்ள ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பாகங்கள் வரை பதியலாம். பத்திரத்தின் மறுபடியைப் பெட்டகத்தில் வைப்பது போல, அட்டவணையின் இரண்டாம் நகல் ஒன்று வட்டின் இறுதியிலும் வைக்கப்படுகின்றது. ஆனால் இந்த நகல் எல்லைகளை மட்டுமே காக்கும். எல்லைக்குள் இருக்கும் கோப்புகளைக் காக்காது என்பதை மறத்தல் ஆகாது.

ஒவ்வொரு பாகத்தின் உள்ளேயும் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை வேறு. விண்டோஸ் பயன்படுத்துவது என்.டி.எஃப்.எஸ்.; லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது எக்ஸ்ட்-4. லினக்ஸ் விண்டோஸின் பாகத்தைப் படிக்கவும் அதில் எழுதவும் வல்லது. விண்டோஸோ லினக்ஸின் பாகத்தைத் தானாகப் படிக்காது. அதைப் பயனற்ற வெற்றிடம் எனக் கருதி, 'இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று சில வேளைகளில் கேட்கவும் கூடும். அந்தக் கேள்விக்கு எண்ணிப் பாராமல் 'ஆம்' என்று விடையளித்தால், பிள்ளை நாள்கணக்கில் செய்துவைத்த பயிற்சிகள் அனைத்தும் போய்விடும். வீட்டில் கணினியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் இதை முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

முதலில் தேவையை ஆராய்க

எல்லோருக்கும் பாகப்பிரிவினை தேவைப்படுவதில்லை. தேர்வுக்கு ஒருசில வாரங்கள் மட்டும் பயிற்சி வேண்டுமெனில், பென் டிரைவில் லினக்ஸை எழுதி அதிலிருந்தே கணினியை இயக்கலாம். 'லைவ்' முறை எனப்படும் இதில் வன்தட்டு தொடப்படுவதே இல்லை. வேகம் சற்றுக் குறைவு. செய்த வேலையை வேறு பென் டிரைவில் சேமித்துக்கொள்ள வேண்டும். கணினியில் நினைவகம் 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால், விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸை இயக்குவதும் இயலும். இடம் உள்ள கணினிகளில் இரண்டாவது வட்டு ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி வட்டை அளிப்பது இன்னும் தூய வழி.

நாள்தோறும் இரண்டு தளங்களும் வேண்டும், நினைவகம் குறைவு, வட்டு ஒன்றுதான் என்னும் நிலையில் பாகப்பிரிவினையே பொருத்தமானது. வேறொரு தரப்பினருக்கும் இது பயன்தரும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணினி வைத்திருப்போர் பாதுகாப்பு நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொள்ளாவிடில், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேர்வதில்லை. அத்தகையோர் பழைய மென்பொருளுக்காக விண்டோஸை வைத்துக்கொண்டு, இணைய வங்கிச் சேவைக்கும் மின்னஞ்சலுக்கும் நாளது வரை திருத்தப்பட்ட லினக்ஸைப் பயன்படுத்தலாம்.

தொடங்குமுன் நான்கு காப்புகள்

முதலாவது, முழுமையான காப்பு நகல். வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றில் எல்லாக் கோப்புகளையும் படியெடுக்க வேண்டும். டாலி பயன்படுத்துவோர் அதன் தரவுக் கோப்புறையைத் தனியே நகலெடுப்பது இன்றியமையாதது. அது 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கக்கூடும். வட்டில் வேறொரு பாகத்தை உண்டாக்கி அதில் நகல் வைப்பது காப்பு ஆகாது. பாகம் இரண்டாயினும் வட்டு ஒன்றே. வட்டு பழுதுற்றால் இரண்டும் சேர்ந்தே போகும். நகை அடகுச் சீட்டையும் நகையையும் ஒரே பையில் வைத்துப் பயணம் செய்பவர், பை தொலைந்தால் எதைக் காட்டுவார்?

இரண்டாவது, குறியாக்கத்தின் மீட்புத் திறவுகோல். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இதனைப் பிட்லாக்கர் என்றும் சாதனக் குறியாக்கம் என்றும் கூறுவர். தொடக்க அமைப்புகளில் மாற்றம் நிகழ்ந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கணினி கேட்கும். அது இல்லையேல் உரிமையாளரே ஆயினும் உள்ளே நுழைய இயலாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைக் கண்டு, தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. நிறுவல் முடியும்வரை குறியாக்கத்தை நிறுத்திவைத்து, பின்னர் மீண்டும் இயக்குவதே எளிது.

மூன்றாவது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' எனப்படும் விரைவுத் தொடக்கத்தை நிறுத்துதல். இது இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக உறங்குவதில்லை. தன் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைத்துயில் கொள்கின்றது. அந்நிலையில் லினக்ஸ் அதே பாகத்தில் எதையேனும் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் இதனை நிறுத்தலாம்.

நான்காவது, தடையற்ற மின்சாரம். பாகத்தின் எல்லை நகரும் வேளையில் கணினி அணைந்துபோதல் பெருங்கேடு. மழைக்காலத்தில் மின்தடை வழக்கமான இந்நகரில், மடிக்கணினியின் மின்கலத்தை முழுதும் ஏற்றி, மின்னிணைப்பும் தந்து, பின்னரே தொடங்குக.

செய்முறை

விண்டோஸ் முன்னரே உள்ள கணினியில் லினக்ஸைப் பின்னர் நிறுவுவதே உகந்த வரிசை. லினக்ஸ் தன்னுடன் 'கிரப்' என்னும் தொடக்கப் பட்டியலைக் கொண்டுவருகின்றது. அது விண்டோஸைக் கண்டறிந்து பட்டியலில் சேர்க்கும். வரிசை மாறினால், விண்டோஸ் தன்னை மட்டுமே முன்னிறுத்தும்.

முதலில் இடத்தைக் கணக்கிடுவோம். 512 ஜி.பி. என விற்கப்படும் வட்டை விண்டோஸ் ஏறத்தாழ 476 ஜி.பி. என்றே காட்டும். விற்பவர் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் எண்ணுவதே இதற்குக் காரணம். இடம் எதுவும் களவு போகவில்லை. பள்ளிப் பயிற்சிக்கு 60 ஜி.பி. தாராளம், படங்களும் காணொளிகளும் தொகுப்போர் 100 ஜி.பி. ஒதுக்கலாம். விண்டோஸின் பாகத்திலும் போதிய வெற்றிடம் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையேல் அதன் புதுப்பிப்புகள் தடைபடும்.

அடுத்து, விண்டோஸில் உள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து, சி என்னும் பாகத்தின் மீது 'ஷ்ரிங்க் வால்யூம்' என்னும் கட்டளையைத் தருக. விண்டோஸின் பாகத்தைக் குறுக்குவதற்கு விண்டோஸின் சொந்தக் கருவியையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. இடம் நிறைய இருந்தும் சிறிதளவே குறுக்க இயலும் என்று அது கூறலாம். இடம்பெயர்க்க இயலாத சில கோப்புகள் பாகத்தின் நடுவே அமர்ந்திருப்பதே அதற்குக் காரணம். குறுக்கியபின் கிடைக்கும் வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடுக. அதற்கு எழுத்தோ வடிவமோ தர வேண்டுவதில்லை.

பின்னர், லினக்ஸ் எழுதப்பட்ட பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து தொடங்குக. உடனே நிறுவிவிடாமல், முதலில் 'லைவ்' முறையில் இயக்கி ஒலி, ஒளி, வை-ஃபை, விசைப்பலகை ஆகியன இயங்குகின்றனவா எனப் பார்த்துக்கொள்க. நிறுவும்போது வரும் ஒரு திரையே இம்முயற்சி முழுவதிலும் மிக முக்கியமானது. 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக' என்று ஒரு வழியும், 'வட்டை அழித்து நிறுவுக' என்று மற்றொரு வழியும் அதில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால், விண்டோஸும் கோப்புகளும் சேர்ந்தே அழியும். திரையில் காட்டப்படும் பாகங்களின் அளவுகளைத் தாளில் குறித்துள்ள அளவுகளோடு ஒப்பிட்டு, வீட்டில் மற்றொருவரையும் படித்துப் பார்க்கச் செய்து, அதன்பின் ஒப்புதல் தருக. பெருந்தொகை வழங்கும்போது வங்கியில் இருவர் சரிபார்ப்பது போன்றதே இது.

சுமார் 100 எம்.பி. அளவில் ஒரு சிறு பாகம் வட்டின் தொடக்கத்தில் தென்படலாம். அது தொடக்கப் பாகம். இரண்டு தளங்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். வீணான இடம் என்று எண்ணி அதனை அழித்துவிடலாகாது. சில மடிக்கணினிகளில் நிறுவிக்கு வன்தட்டே தென்படாமல் போகலாம். வட்டுக் கட்டுப்பாட்டின் அமைப்பே அதற்குக் காரணமாக இருக்கும். அதனை ஆராயாமல் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும் ஆதலின், அந்நிலையில் தேர்ந்தவரை நாடுவதே அறிவுடைமை.

நிறுவிய பின்

முதல் நாளிலேயே கடிகாரத்தைப் பார்க்க. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டக்கூடும். கணினியின் உட்கடிகாரத்தில் உள்ளது இந்திய நேரம் என்று விண்டோஸ் கொள்கின்றது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொள்கின்றது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே அந்த ஐந்தரை மணி. கணக்குப் பதிவுகளிலும் கோப்புகளிலும் தவறான நேரம் ஏறிவிடும். விடியற்காலையில் வேலை செய்வோர்க்குத் தேதியே முதல் நாளாகிவிடும். உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம்.

இரண்டு தளங்கள் என்றால் இரண்டு புதுப்பிப்புக் கடமைகள். மாதக்கணக்கில் திறக்காத தளத்தில் இணைய வங்கிச் சேவையை உடனே தொடங்காமல், முதலில் புதுப்பிப்புகளை முடித்துவிடுக. ஒரு தளத்துக்கு இட்ட கடவுச்சொல் மற்றதில் உள்ள கோப்புகளைக் காப்பதில்லை என்பதையும் உணர்தல் வேண்டும். குறியாக்கம் இல்லாத விண்டோஸ் பாகத்தில் உள்ள ஆவணங்களை, விண்டோஸின் கடவுச்சொல் தெரியாதவரும் லினக்ஸ் வழியே திறந்துவிட இயலும். ஆகவேதான் நிறுத்திவைத்த குறியாக்கத்தை மீண்டும் இயக்குக என்றோம்.

இவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைப்போர், கணினியோடு கடவுச்சொற்களையும் சேர்த்து ஒப்படைத்தல் கூடாது. உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களை முன்னரே நீக்குக. தொலைபேசியில் அழைத்து, 'தொலைவிலிருந்தே நிறுவித் தருகிறேன்' என்று கூறி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வோர் எவராயினும் அவரை நம்பற்க. இத்தகைய செயலிகள் வழியே நடைபெறும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைப்பதோடு, தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளையின் தேர்வு முடிந்தபின் லினக்ஸை நீக்க விரும்புவோர், அதன் பாகத்தை எடுத்த எடுப்பில் அழித்தல் கூடாது. முதலில் விண்டோஸ் நேரே தொடங்குமாறு தொடக்க வரிசையை மாற்றி, அது தொடங்குவதை உறுதிசெய்து, பின்னரே அழிக்க. இல்லையேல் கிரப் தன் கோப்புகளைக் காணாமல் கருந்திரையில் நின்றுவிடும். கணினியை விற்போர்க்கும் ஒரு சொல். பாகத்தை அழிப்பதால் அட்டவணைப் பதிவு மட்டுமே நீங்குகின்றது. சுழலும் பழைய வன்தட்டுகளில் உள்ளிருக்கும் கணக்குகளை மீட்பு மென்பொருளால் திரும்ப எடுக்க இயலும். பத்திரப் பதிவை நீக்கினால் நிலம் மறைவதில்லை அல்லவா? விற்குமுன் வட்டு முழுவதையும் முறையாகத் துடைப்பது அவசியம்.

இவ்வளவும் படித்தபின் எஞ்சுவது ஒரே ஒரு சோதனை. காப்பு நகல் எடுத்தாயிற்று என்று எண்ணுவோர், அந்த வெளி வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, கடைக் கணக்கில் ஒன்றையும் குடும்பப் படங்களில் ஒன்றையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் பாகப்பிரிவினையைத் தொடங்கலாம். திறக்காவிடில், அன்றைக்கு அவ்வேலை வேண்டா. நகலைச் சரிசெய்த பிறகு மற்றொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.